தூக்கிக் கட்டிய வலை

பிப்ரவரி 4

அக்காவுக்கு,

வந்து சேர்ந்துவிட்டோம். போனில் பேசினால் இரண்டாவது வாக்கியத்திலேயே சண்டை வந்துவிடும். கடிதம் என்றால் நீ குறுக்கே பேச முடியாது. அதனால்தான் எழுதுகிறேன், பாசம் பொங்கி அல்ல.

வீடு மூன்றாவது மாடியில். ஒரு அறை, ஒரு சமையலறை. குழாயைத் திறந்தால் சுவர் முழுக்க நடுங்குகிறது. அவருக்குக் கிடங்கில் வேலை. எனக்கு இங்கேயும் பிரஸ் மெஷின்தான். அங்கே டப்பா மூடி அடித்தேன், இங்கே சாப்பாட்டுத் தட்டு அடிக்கிறேன். மற்றபடி எல்லாம் அதே. தகட்டை வைத்து, கையை வெளியே எடுத்து, கம்பி வலையை இறக்கிவிட்டு, அப்புறம் பெடலை மிதிக்க வேண்டும் என்று இங்கேயும் சுவரில் எழுதி வைத்திருக்கிறார்கள். இங்கேயும் எல்லோரும் வலையைக் கட்டுக்கம்பியால் மேலே தூக்கிக் கட்டிவிட்டுத்தான் வேலை செய்கிறார்கள். அன்றைக்கு இத்தனை என்ற கணக்கு முடிந்தால்தான் லைன் மொத்தமும் ஒன்றாக வீட்டுக்குப் போகலாம் என்பதும் அதே. வித்தியாசம் ஒன்றுதான். வலையை இறக்கி இறக்கி ஏற்றி, ஊரையே காக்க வைக்கும் உங்களைப் போன்ற மூன்று பேர் இங்கே இல்லை. நான்கு மணிக்கெல்லாம் கேட்டைத் தாண்டிவிடுகிறேன். பாப்பா காப்பகத்தில் மற்ற பிள்ளைகளோடு விளையாடிக்கொண்டிருக்கும்போதே போய்க் கூட்டி வந்துவிடுகிறேன்.

அங்கே என்ன நடந்தது என்று உனக்குத் தெரியும். காப்பகத்தின் பூட்டிய கதவுக்கு வெளியே, படியில், பாப்பா பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். ஆயா ஒரு கண்ணால் அவளையும் ஒரு கண்ணால் தன் பஸ்ஸையும் பார்த்துக்கொண்டு நிற்பாள். அதைத்தான் அன்றைக்கு எல்லோர் முன்னாலும் உன்னிடம் கத்தினேன். "உனக்கென்ன, வீட்ல காத்திருக்க யாரு இருக்கா?" என்று கேட்டேன். கேட்ட விதம் வேண்டுமானால் அதிகம், கேட்டது அதிகமில்லை.

உன் பெரிய வாணலி எங்கள் மூட்டையோடு வந்துவிட்டது. வேண்டுமானால் சொல்.

தங்கை

*

பிப்ரவரி 19

தங்கைக்கு,

வாணலி உன்னிடமே இருக்கட்டும். ஒருத்திக்குச் சமைக்க அது எதற்கு?

நீ கேட்ட கேள்வியோடுதான் அன்று வீட்டுக்கு வந்தேன். சுற்றிப் பார்த்தேன். யாரும் இல்லைதான். உன்மேல் கோபப்படக்கூட வழியில்லாமல் போனது, அதுதான் எரிச்சல்.

ஜன்னலோர மெஷின்காரிக்கு மூன்று விரல் போன அன்று நீ லீவு. நான் அடுத்த மெஷினில் இருந்தேன். அவள் கத்தவில்லை, தெரியுமா? கையைப் பார்த்துக்கொண்டு, "ஐயோ, மெஷின நிறுத்துங்க, தகடு வீணாயிடும்" என்றாள். அன்று எங்களைச் சீக்கிரம் அனுப்பிவிட்டார்கள். மறுநாள் டீ நேரத்துக்குள் அதே மெஷினில் வேறொருத்தி உட்கார்ந்து மூடி அடிக்கிறாள், வலை மேலே கட்டியபடியே. மெஷினைக் கழுவியிருந்தார்கள். நடந்த மாற்றம் அவ்வளவுதான்.

அன்றைக்குத்தான் நான் என் கம்பியை அவிழ்த்தேன். யாரோடும் கலந்து பேசவில்லை. நிமிர்ந்தால் எதிர்ப்பக்கம் நெட்டை அவிழ்த்துக்கொண்டிருக்கிறாள். பாடிக்கொண்டே வேலை செய்வாரே, நம் பாகவதர், அவரும். அதற்கு முன் நாங்கள் மூவரும் முகம் கொடுத்துப் பேசியதுகூட இல்லை.

நீ போன பிறகு சங்குவின் சத்தம் இன்னும் ஏறிவிட்டது. (ஆலைச் சங்கு மாதிரிக் குரல் என்று நீதானே அவளுக்குப் பெயர் வைத்தாய்!) நாங்கள் சாப்பிட உட்கார்ந்தால் அந்த பெஞ்சு காலியாகிவிடுகிறது. நான் பாத்ரூம் போய் வருவதற்குள் யாரோ என் வலையைக் கட்டிவிடுகிறார்கள். அவிழ்க்கிறேன். மறுபடி கட்டுகிறார்கள். நேற்று சங்கு இடுப்பில் கை வைத்துக்கொண்டு வந்து நின்றாள். "நாப்பது பேரு கையும் நல்லாத்தானே இருக்கு. உங்க மூணு பேரு கை மட்டும் என்ன தங்கத்துல செஞ்சதா?" என்றாள். பாகவதர் பாட்டை நிறுத்திவிட்டு, "இல்லம்மா, வெறும் சதைதான். அதான் பயம்" என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. அவளுக்கும் வந்தது, காட்டிக்கொள்ளாமல் திரும்பிவிட்டாள்.

நான் யாருக்கும் உபதேசம் செய்வதில்லை. கேட்டால் சொல்கிறேன், கேட்காவிட்டால் என் வேலையைப் பார்க்கிறேன். அவர்களைக் காக்க வைக்கிறேன் என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. சாயங்காலம் நான்கு மணிக்கு மேல் நாற்பது பேர் கை கட்டிக்கொண்டு என் முதுகையே பார்ப்பார்கள். அந்த நேரத்தில் வலை எவ்வளவு கனக்கும் என்று உனக்குச் சொல்ல முடியாது.

உன் கையைப் பார்த்துக்கொள். வேறொன்றும் கேட்கவில்லை.

அக்கா

*

மார்ச் 12

அக்காவுக்கு,

"உன் கையைப் பார்த்துக்கொள்" என்று போகிறபோக்கில் எழுதிவிட்டாய். ரொம்ப நன்றி. அந்த ஒரு வரி வந்த நாளிலிருந்து பெடலை மிதிக்கும்போதெல்லாம் கையைத்தான் பார்க்கிறேன். முன்பெல்லாம் பக்கத்து மெஷின்காரியோடு வம்பளந்துகொண்டே அடித்துத் தள்ளுவேன். இப்போது ஒவ்வொரு தட்டுக்கும் கை நின்று நின்று போகிறது. "என்னம்மா, தூங்கறியா?" என்று சூப்பர்வைசர் கேட்கிறார். உன் வியாதியைத் தபாலில் அனுப்பிவிட்டாய்.

நாற்பது பேர் முட்டாள், மூன்று பேர் மட்டும் புத்திசாலியா? அவர்களுக்கும் கண் இருக்கிறது. ஜன்னலோர மெஷின்காரியை அவர்களும்தான் பார்த்தார்கள். பார்த்துவிட்டு, வீட்டையும் நினைத்துக்கொண்டு, மறுநாள் வேலைக்கு வந்தார்கள். அது தப்பா? அவர்கள் செய்வதைச் செய்யாமல் நீ மட்டும் தனியாக நின்றால், அவர்களைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிய மாதிரி இருக்கிறது. நீ வாயே திறக்க வேண்டாம். உன் வலை 'டக், டக்' என்று இறங்கும் சத்தமே போதும். எனக்கு அப்படித்தான் இருந்தது.

இவரிடம் உன் கடிதத்தைக் காட்டினேன். "உங்கக்கா சொல்றது தப்புன்னு சொல்லல. ஆனா நாலு பேரோட ஒத்துப்போகத் தெரியணும்" என்கிறார். அவர் கிடங்கில் அட்டைப்பெட்டி எண்ணுகிறவர். யாரோடு ஒத்துப்போனாலும் அவருக்கு விரல் போகாது.

இதை எழுதிய பிறகுதான் பார்க்கிறேன், உன் பக்கம் பேசியிருக்கிறேன். அதை அடித்துவிடாமல் அப்படியே விடுகிறேன். பாப்பாவுக்கு முன்பல் ஆடுகிறது.

தங்கை

*

ஜூன் 3

தங்கைக்கு,

பதில் எழுத மூன்று மாதம் ஆகிவிட்டது. கோபம் இல்லை. வீட்டுக்கு வந்தால் விளக்கைப் போடக்கூட மனம் வருவதில்லை.

நெட்டை வேலையை விட்டுவிட்டு மகனோடு போய்விட்டாள். பாகவதரின் மனைவிக்கு உடம்புக்கு முடியவில்லை. அவர் சீக்கிரம் வீட்டுக்குப் போயாக வேண்டும். போன மாதம் கையில் கட்டுக்கம்பியோடு என் மெஷினுக்கு வந்தார். "உங்ககிட்ட சொல்லாம கட்டினா எனக்குச் சாப்பாடு இறங்காது. அதான்..." என்றார். கட்டுங்கள் என்றேன். வேறு என்ன சொல்ல? அன்றிலிருந்து அவர் பாடுவதில்லை. என்னைக் கண்டால் தலை குனிகிறார். நான் ஒருத்தி அவருக்கும் தண்டனையாகிவிட்டேன்.

போன வாரம் மேனேஜரிடம் போய், கணக்கைக் கொஞ்சம் குறைத்தால் எல்லோரும் வலையை இறக்கியே வேலை செய்யலாம், யாரும் காத்திருக்கவும் வேண்டாம் என்று கேட்டேன். மனிதர் கெட்டிக்காரர். லைன் மொத்தத்தையும் கூட்டி நிறுத்திவிட்டார். "இந்தம்மா இப்படிச் சொல்றாங்க. வேற யாருக்காவது அப்படித் தோணுதா? கையத் தூக்குங்க" என்றார். என் கை ஒன்றுதான் மேலே நின்றது. சும்மா நிற்கும் கை இவ்வளவு வலிக்கும் என்று அன்றுதான் தெரிந்தது.

கூட்டம் முடிந்து கை கழுவப் போனேன். அங்கே ஒவ்வொருத்தியாக வந்து காதருகில் சொல்கிறாள். "அக்கா, எங்க மனசும் அதுதான்." "நீங்க விட்றாதீங்க அக்கா." தண்ணீரைத் திறந்துவிட்டுச் சொல்கிறார்கள், வெளியே கேட்கக் கூடாதாம்! கடைசியில் சங்கு வந்தாள். கண்ணாடியில் என்னைப் பார்த்துவிட்டுப் போய்விட்டாள். எனக்கு வந்த ஆத்திரம் இருக்கிறதே! மனசை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய? அரை நிமிடம் முன்னால் அந்தக் கைகளைத் தூக்கியிருந்தால் என்ன?

பல் விழுந்துவிட்டதா?

அக்கா

*

ஜூன் 21

அக்கா,

விட்டுவிடு. சண்டைக்காகச் சொல்லவில்லை. உன் கடிதத்தைப் படித்துவிட்டுச் சமையலறையில் போய் அழுதேன். குழாயைத் திறந்துவிட்டுத்தான் அழுதேன், உன் லைன்காரிகள் மாதிரியே.

மூன்று பேராக இருந்தபோது அது வேறு. இப்போது நீ மட்டும். மாறுகிறவர்கள் என்றால் இதற்குள் மாறியிருப்பார்கள். ஊருக்கு உழைத்தது போதும். கம்பியைக் கட்டு, எல்லோரோடும் வீட்டுக்குப் போ, நேரத்துக்குச் சாப்பிடு, தூங்கு. பயமாக இருந்தால் மெதுவாக மிதி. உன்னை யாரும் குறை சொல்ல மாட்டார்கள். நான் சொல்ல மாட்டேன்.

பல் விழுந்துவிட்டது. "பெரியம்மாகிட்ட அனுப்பு" என்று தாளில் மடித்துக் கொடுத்தாள். பல்லை எப்படித் தபாலில் போடுவது? டப்பாவில் வைத்திருக்கிறேன்.

தங்கை

*

ஆகஸ்ட் 11

தங்கைக்கு,

நீ சொன்னபடியே செய்யப்போகிறேன். நாளை கட்டிவிடுவேன்.

பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. நேற்று மழை. கணக்கு முடிய நேரமாகி, பஸ்ஸைத் தவற விட்டு, லைன் மொத்தமும் கேட் ஓரம் நனைந்துகொண்டு நின்றது. ஒருத்தரும் என்னைத் திட்டவில்லை. திட்டித் திட்டி அவர்களும் ஓய்ந்துவிட்டார்கள் போலிருக்கிறது. வயிற்றுப் பிள்ளைக்காரி ஒருத்தி சுவரில் சாய்ந்து, கண்ணை மூடிக்கொண்டு நின்றாள். இவளுக்கு நான் என்ன நல்லது செய்துகொண்டிருக்கிறேன் என்று தோன்றியது.

யாரையும் மாற்றிவிடலாம் என்று நான் தொடங்கவில்லை. மூன்று விரலைப் பார்த்த பிறகு என் கை கம்பிக்குப் போகவில்லை, அவ்வளவுதான். இனி போகும். எதற்கும் கொஞ்ச நாளில் பழகிவிடுகிறது.

நீ நிம்மதியாக இரு.

அக்கா

*

ஆகஸ்ட் 12

அக்கா,

உன்னைத் திட்டித்தான் தொடங்க வேண்டும். என்ன காரியம் செய்ய வைத்துவிட்டாய்!

போன வாரம் எங்கள் லைனுக்குப் புதிதாக ஒருத்தி வந்தாள். என்னைவிட வயதில் மூத்தவள், இதுவரை வீட்டு வேலை செய்தவள். மெஷினையே பார்த்ததில்லை. சூப்பர்வைசர் என்னைக் கூப்பிட்டு, "வலைய எப்படித் தூக்கிக் கட்றதுன்னு இவங்களுக்குக் காட்டிக்கொடு" என்றார். இங்கே முதல் பாடமே அதுதான். கட்டுக்கம்பியை எடுத்தேன். அவள், "இது எதுக்கு இருக்கு?" என்றாள். கை உள்ளே போகாமல் இருக்க என்றேன். "அப்போ ஏன் கட்டணும்?" என்றாள். வம்புக்குக் கேட்கவில்லை, தெரியாமல்தான் கேட்டாள். அக்கா, அந்தக் கம்பியை அவள் கையில் கொடுக்க எனக்குக் கை வரவில்லை. "கட்ட வேண்டாம்" என்றேன். சொல்லிவிட்டு என் வலை மட்டும் மேலே இருந்தால் எப்படி? என்னுடையதையும் அவிழ்த்துவிட்டேன்.

வேடிக்கை கேள். மறுநாளே அவள் கட்டிவிட்டாள்! மற்றவர்கள் இரண்டு அதட்டல் போட்டார்கள், முடிந்தது. இப்போது நான் ஒருத்தி. திங்கட்கிழமையிலிருந்து லைன் மொத்தமும் என் முதுகைப் பார்க்கிறது. வம்பளப்பாளே பக்கத்து மெஷின்காரி, அவள் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டாள். நேற்று பாப்பா காப்பகத்துப் படியில் தனியாக உட்கார்ந்திருந்தாள். "ஏன் லேட்டு?" என்று கேட்டாள். அவள் பையை வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டு நடந்தேன்.

அவர்கள் கேட்கும்போது நீ என்ன சொல்வாய்? கோபம் வந்தால் எங்கே பார்ப்பாய்? எனக்கு எழுது. அங்கே நீ இன்னும் இறக்கிக்கொண்டிருக்கிறாய் என்பதால்தான் நான் நாளைக்கும் போவேன். இல்லாவிட்டால் போக மாட்டேன்.

தங்கை

*

ஆகஸ்ட் 22

என் தங்கைக்கு,

உன் கடிதமும் என் கடிதமும் வழியில் ஒன்றையொன்று தாண்டிப் போயிருக்கின்றன. நீ என்னுடையதைப் படித்துவிட்டு என்ன செய்தாயோ? கம்பியைத் தொட்டிருந்தால் அவிழ்த்துவிடு. நடந்ததைச் சொல்கிறேன்.

பன்னிரண்டாம் தேதி காலையில் கட்டினேன். யாரும் கவனிக்கவில்லை என்றுதான் நினைத்தேன். டீ நேரத்தில் சங்கு வந்து மெஷின் முன்னால் நின்றாள்.

"என்னது இது?" என்றாள்.

"பார்த்தா தெரியலயா? கட்டிட்டேன். இன்னைக்கு நேரத்தோட போலாம்."

அவளுக்குச் சந்தோஷமாக இருக்கும் என்று நினைத்தேன். முகம் சிவந்துவிட்டது. "யாரக் கேட்டுக் கட்டின?" என்றாள், லைன் முழுக்கக் கேட்கும்படி. "ஒரு வருஷத்துக்கு மேல உன்னத் திட்டிக்கிட்டே வீட்டுக்குப் போறேன். போற வழியெல்லாம் மனசுக்குள்ள உன்கூடத்தான் சண்டை. நீ ஒண்ணு சொல்லுவ, நான் ஒண்ணு சொல்லுவேன். போன மாசம்தான் பதில் சொல்ல முடியாம நின்னேன். இப்ப நீ பாட்டுக்குக் கட்டிட்டா, நான் தோத்தது யார்கிட்ட?"

அவளே குனிந்து, பல்லைக் கடித்துக்கொண்டு என் கம்பியை அவிழ்த்தாள். அப்புறம் தன் மெஷினுக்குப் போய் அதையும் அவிழ்த்தாள். அவள் வலை துருப்பிடித்திருந்தது, இறங்கவில்லை. பாகவதர் எண்ணெய்க் கேனை எடுத்துக்கொண்டு ஓடினார். கை கழுவும் இடத்தில் காதருகில் சொன்னவர்கள் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். சாயங்காலத்துக்குள் பாதி வலை கீழே இருந்தது. அன்று கணக்கு முடியவே இல்லை. மறுநாளும் முடியவில்லை. மேனேஜர் வந்து கத்தினார். சங்கு பதிலுக்குக் கத்தினாள். அந்தக் குரல் இத்தனை நாள் நம் பக்கம் இல்லாமல் போயிற்றே என்றிருந்தது.

நீ கேட்டதற்கு என்னிடம் பெரிய பதில் இல்லை. அவர்கள் கேட்டால், "எனக்குப் பயமா இருக்கு" என்று சொல். அது உண்மை. அதோடு சண்டை போட யாராலும் முடியாது. கோபம் வந்தால் தகட்டைப் பார். அவர்களைத் திருப்பித் திட்டாதே, அவர்களும் களைத்தவர்கள். வெளியே முறைக்கிறவள் உள்ளே என்ன பேசிக்கொண்டிருக்கிறாள் என்று நமக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்திருந்தால் அந்த மழை நாளில் அப்படிக் குலைந்துபோயிருக்க மாட்டேன்.

உடனே எழுது. ஒரு வரி போதும்.

அக்கா

*

ஆகஸ்ட் 29

அக்கா,

உன் முந்தைய கடிதம் வந்த அன்று கட்டினேன். இது வந்த அன்று அவிழ்த்தேன். நடுவில் ஐந்து நாள் நேரத்தோடு வீட்டுக்கு வந்தேன், பாப்பாவோடு விளையாடினேன், ஒரு நாளும் சரியாகத் தூங்கவில்லை.

நான் சங்கு மாதிரி ஒருத்திக்காகக் காத்திருக்க வேண்டுமானால் ஒரு வருஷம் ஆகும். அதுவரை பாப்பா படியில் உட்கார வேண்டும். காப்பகத்தில் ஏற்கெனவே கண்டித்துவிட்டார்கள். எத்தனை நாள் தாக்குப்பிடிப்பேன் என்று தெரியவில்லை. உன்னிடம் மட்டும் சொல்கிறேன்.

தங்கை

*

அக்டோபர் 9

தங்கைக்கு,

இங்கே கணக்கைக் குறைத்துவிட்டார்கள். சுவரில் புதுப் பலகை மாட்டியிருக்கிறார்கள். வலையைக் கட்டினால் ஒரு நாள் வேலையும் கிடையாது, கூலியும் கிடையாது. போன வாரம் வெளியிலிருந்து சில அதிகாரிகள் பார்வையிட வந்தார்கள். சங்குவைப் பேசச் சொன்னார்கள். "இந்த லைன்ல நாங்க எல்லாரும் ஆரம்பத்துலேர்ந்தே இதத்தான் சொல்லிட்டிருந்தோம்" என்றாள். பொய் சொல்லவில்லை, உண்மையிலேயே அப்படி நம்புகிறாள்! மற்றவர்களும் தலையாட்டினார்கள். நெட்டை பேரை யாரும் எடுக்கவில்லை. நானும் கை தட்டினேன். வயிறு எரியவில்லை என்றால் அது பொய். கொஞ்சம் எரிந்தது.

சாப்பாட்டு பெஞ்சில் இன்னும் யாரும் என் பக்கம் உட்காருவதில்லை. புதிதாக வந்தவளிடம், "அந்தம்மாகிட்ட பாத்துப் பேசு, வம்பு பிடிச்சவங்க" என்று சொல்லிக்கொடுத்தது என் காதிலேயே விழுந்தது. சொன்னவளின் வலை ஒழுங்காக இறங்கி ஏறிக்கொண்டிருந்தது. அது போதும் என்று நினைத்துக்கொண்டேன். போதவில்லை, ஆனாலும் நினைத்துக்கொண்டேன்.

மேனேஜர் என்னைப் பேக்கிங் பக்கம் மாற்றிவிட்டார். அங்கே மெஷின் இல்லை, அட்டைப்பெட்டிதான். பரிசா தண்டனையா என்று கேட்டேன். சிரித்தார். நேற்று கணக்கைத் தீர்த்துக்கொண்டு வேலையை விட்டுவிட்டேன்.

சனிக்கிழமை வண்டி ஏறுகிறேன். வேண்டாம் என்று எழுதாதே, கடிதம் வருவதற்குள் கிளம்பியிருப்பேன். எனக்குச் சமையலறையில் ஒரு பாய் போதும். காப்பகம் எந்தத் தெருவில், எத்தனை மணிக்குப் பூட்டுவார்கள் என்று மட்டும் ஒரு தாளில் எழுதி வை. திங்கட்கிழமையிலிருந்து பாப்பாவை நான் கூட்டி வருகிறேன். லைன்காரர்கள் திட்டினால் திட்டட்டும், அவர்கள் காத்திருக்கட்டும். நீ அவசரப்படாமல் ஒவ்வொரு தட்டுக்கும் வலையை இறக்கிவிட்டு, இருட்டின பிறகு வீட்டுக்கு வா. உனக்காக நாங்கள் இரண்டு பேர் சாப்பிடாமல் உட்கார்ந்திருப்போம்.

அக்கா